நாய்கொண்டு பன்றி வேட்டையாடுதல் தகுமோ?

மலையடிவாரத்திற் பயிரிடும் உழவனுக்கு விளைச்சற் காலம் மகிழ்ச்சிக் காலமன்று. அஃது அச்சக் காலம். நிலக்கடலை காய் பிடிக்கவும், மக்காச்சோளம் பால் கட்டவும், மரவள்ளி கிழங்கு வைக்கவும் தொடங்கிய நாள்முதல் அவன் வீட்டில் உறங்குவதில்லை. பரண்மீது அமர்ந்து, விளக்கும் தட்டுதற்கொரு தகரமும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் இருளை நோக்கியிருக்கின்றான். பின்னிரவில் ஒரு நாழிகை கண்ணயர்ந்தானாயின், அவ்வொரு நாழிகையில் காட்டுப்பன்றிக் கூட்டமொன்று வந்து, நான்கு மாத உழைப்பை உழுது போட்டுவிட்டுப் போய்விடும். மறுநாட் காலையில் அவ்வயலின் வரப்பில் நின்று பார்த்தவர்க்கே அவன் துயரம் விளங்கும்.

இத்துயரத்தை முன்னிட்டு நியாயம் கற்பிக்கப்படுவதே நாய்கொண்டு பன்றி வேட்டையாடும் வழக்கம். விடுமுறை கழித்து விடுதிக்குத் திரும்பிய மாணவ நண்பர் ஒருவர், தம் ஊரார் ஆறு நாய்களோடு ஒரு பெரும்பன்றியை மடக்கிய கதையை உணவு மண்டபத்திற் கூறக் கேட்டோம். கேட்டோர் இரு கட்சியாயினர். ஒரு சாரார், "அஃதன்றோ ஆண்மை!" என்றனர். மற்றொரு சாரார், "அஃது அறத்துக்கும் மாறு, சட்டத்துக்கும் மாறு" என்றனர். இலையிலிருந்த உணவு ஆறிற்று, வாதம் ஆறவில்லை. அவ்வாதத்தை முற்ற முடித்துவைக்கும் ஆற்றல் எமக்கில்லை. ஆயினும், இரு பக்கத்து நியாயங்களையும் நிறுத்துப் பார்த்து, எம் கருத்து இன்னதென வெளிப்படையாய் உரைத்தல் கடனென எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

முதற்கண் பன்றியின் பக்கம் நின்று ஒரு சொல். காட்டுப்பன்றி இயல்பாற் கொடியதன்று. அதற்குக் கண் கூர்மையில்லை; மூக்கே அதன் கண். மண்ணுக்குள் மறைந்த கிழங்கையும் புழுவையும் அஃது அம்மூக்கினாலேயே அறிந்து, முகத்தினாலேயே அகழ்ந்து உண்ணும். காட்டில் அவ்வாறு மண்ணைக் கிளறுதலால் நிலம் நெகிழ்கின்றது. வீழ்ந்த விதைகள் மண்ணுட் புகுகின்றன. புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் அஃது இரையாகின்றது. காட்டின் எல்லை இஃது, கழனியின் எல்லை இஃது என்று நாம் வரைந்த கோடு அதற்குத் தெரியாது. காட்டில் நாள் முழுதும் அகழ்ந்தாற் கிடைக்கும் உணவு, கடலைக் கொல்லையில் ஒரு நாழிகையிற் கிடைக்குமாயின், அஃது எங்கே போகும் என்பது சொல்லாமலே விளங்கும். குற்றம் இயற்கையினதே யன்றிப் பன்றியினதன்று.

இப்பிராணியை நம் முன்னோர் நெடுங்காலமாக அறிவர். ஏனம் என்றும், கேழல் என்றும் அதற்குப் பெயர்கள் இட்டனர். யானையின் ஆணுக்கு உரிய களிறு என்னும் பெருமிதப் பெயரை ஆண்பன்றிக்கும் வழங்கலாம் என்று தொல்காப்பிய மரபியல் இசைவு தருகின்றது. அதன் வலியை மதித்தே இப்பெயரை விலக்காது விட்டனர் போலும். சங்கச் செய்யுட்களிற் பன்றி தினைப்புனத்தை மேய்வதும், அதனைக் காக்கும் கானவர் துயிலாதிருப்பதும் பலவிடங்களிற் காணப்படும். ஆகவே இவ்வழக்கு இன்று நேற்று எழுந்ததன்று. மனிதன் காட்டருகே விதைத்த முதல் நாளன்று எழுந்தது.

அக்காலத்தோர் இதற்கு என் செய்தனர் என்பதை உற்று நோக்குதல் வேண்டும். நன்னனது மலைநாட்டைப் பாடும் மலைபடுகடாம் என்னும் பாட்டிலே இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, விளைபுனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சி, அது புகும் வழிகளில் உழவர் கல்லாலாகிய பொறிகளை மாட்டி வைத்தது. மற்றொன்று, பன்றியை வெருட்டுதற்கென்றே முழக்கிய பன்றிப்பறை என்னும் பறை. வேட்டுவர் நாயோடு காட்டுட் புகுந்து வேட்டமாடியதும் பழம்பாட்டுக்களில் உண்டு. அதனை யாம் மறைக்கவில்லை. ஆனால் அவர் வேட்டமாடியது உணவுக்கு. புனங்காத்தது பறையாலும் பொறியாலும் காவலாலும். இவ்விரண்டும் வேறு வேறு தொழில்கள். இன்று வேட்டையை விரும்புவோர், 'பயிர்க்காவல்' என்னும் போர்வையை அதன்மேற் போர்த்துகின்றனர். அப்போர்வையை நீக்கிப் பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

வேட்டைக்குப் பழம்பெருமை மிகுதியும் உண்டு. பெரியபுராணத்திலே திண்ணனார் முதல் வேட்டைக்குச் சென்ற நாளில், வலையறுத்து ஓடிய பன்றியொன்றை நாணனும் காடனும் உடன்வரத் தொடர்ந்து சென்று வீழ்த்துகின்றார். கிரேக்க நாட்டுச் செனபோன் என்னும் பேராசிரியர், கிறிஸ்துவுக்கு நான்கு நூற்றாண்டுகட்கு முன் வேட்டையைப் பற்றி எழுதியதாக வழங்கும் நூலிற் பன்றி வேட்டைக்குத் தனியோர் அதிகாரமே வகுத்துள்ளார். அவ்வேட்டைக்கு ஏற்ற நாயினங்களை எண்ணுமிடத்து இந்திய நாயையும் சேர்த்து எண்ணியுள்ளமை நமக்கு வியப்பும் களிப்பும் தருவதாம். ஆனால் அவ்வதிகாரத்திலேயே, இவ்வேட்டையில் நாய்கள் பல மாளும் என்பதையும் அவர் ஒளியாது ஒப்புகின்றார். நம் நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சியில், குதிரைமீதிருந்து பன்றியை ஈட்டியாற் குத்தும் விளையாட்டு படைத் தலைவரிடையே பெருகியிருந்தது. பின்னாளிற் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் 1889-ஆம் ஆண்டில் அதைப் பற்றி ஒரு நூலே இயற்றினார்.

பழமையும் பெரியோர் பெயரும் ஒரு செயலைத் தகுதியாக்கி விடுமோ? ஆக்காது என்பதற்கு அப்பெரியோரே சான்று. திண்ணனாரை நாம் போற்றுவது பன்றியை வீழ்த்திய வாளுக்காகவன்று. அவ்வேட்டையை மறந்து, தம் கண்ணை இடந்து அப்பிய அன்புக்காகவே. பன்றி குத்தும் கலையை எழுதிய பேடன் பவலே, 1908-ஆம் ஆண்டில் வகுத்த சாரணர் விதிகளில், சாரணன் பிராணிகளுக்கு நண்பன் என்பதையும் ஒரு விதியாக வைத்தார். மனிதர் கருத்து வளரும், வளர்தல் இழுக்கன்று.

இனி, வேட்டை நிகழும் முறையைச் சிறிது கூறுவோம். இதனை வீரக்கதையாகக் கேட்டோர் பலர். செயலாக அறிந்தோர் சிலர். நாய்களின் தொழில் இதில் மூவகைப்படும். முதலாவது மோப்பம் பிடித்துப் பன்றியின் தடத்தைக் காணுதல். இரண்டாவது, ஓடும் பன்றியை வளைத்து, எட்ட நின்று குரைத்து, அசையவொட்டாமல் நிறுத்துதல். மூன்றாவது, நேரே பாய்ந்து காதையோ கன்னத்தையோ கவ்விப் பிடித்து, மனிதன் வந்து கொல்லுமளவும் விடாதிருத்தல். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இரண்டாந் தொழிலுக்கு ஓரினமும் மூன்றாந் தொழிலுக்கு வேறினமுமாக நாய்களைப் பிரித்தே வளர்க்கின்றனர். பிடிநாய்க்குக் கழுத்திலும் மார்பிலும் தடித்த கவசம் பூட்டுகின்றனர். ஜெர்மனி முதலிய நாடுகளில் நாய் பன்றியைப் புதரினின்றும் வெளிப்படுத்துவதோடு அதன் வேலை பெரும்பாலும் முடிகின்றது, கொல்வது துப்பாக்கி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காட்டுப் பாலூட்டிகளை நாய்கொண்டு வேட்டையாடுவதை, சில விலக்குகள் நீங்கலாக, 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது.

நம் ஊர்ப்புறங்களிலோ கவசமுமில்லை, பிரிவுமில்லை. கிடைத்த நாயையெல்லாம் ஏவுகின்றனர். ஆண்பன்றியின் கீழ்க்கோரைப் பற்கள் மேற்பற்களோடு உராய்ந்து உராய்ந்து எப்போதும் தீட்டிய கத்திபோலிருக்கும். தோளின்மேல் தோல் கேடயம்போலத் தடித்திருக்கும். அது தலையைத் தாழ்த்தி மேனோக்கி ஒருமுறை வீசினால், நாயின் வயிறோ தொண்டையோ பிளந்துபோகும். எமக்குத் தெரிந்த மலையடிக் கிராமம் ஒன்றிற் செந்நிற நாயொன்றைக் கண்டோம். அதன் விலாவில் ஒரு சாண் நீளத்திற்கு மயிர் முளையாத தழும்பு. சாக்குத் தைக்கும் ஊசியாலும் நூலாலும் தைத்து, மஞ்சளும் எண்ணெயும் தடவி உயிர் பிழைப்பித்ததாக உரிமையாளர் பெருமையோடு கூறினார். அதனோடு சென்ற மற்றை இரண்டு நாய்கள் எங்கே என்று வினவினோம். அவர் மறுமொழி கூறவில்லை. கொல்லையின் மூலையைக் கையாற் சுட்டினார். அங்கே மண் சிறிது மேடிட்டிருந்தது.

வேட்டையை ஆதரிப்போர் கூறும் நியாயங்கள் நான்கு. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, 'இது வீரம்' என்பது. வீரம் என்பது தன் உடம்பைப் பணயமாக வைப்பது. ஈண்டுப் பணயமாக வைக்கப்படுவது நாயின் உடம்பு. நாய் ஏன் பாய்கின்றது? தன் பயிரைக் காக்கவன்று, தன் பசிக்குமன்று. தலைவன் ஏவினான் என்பதற்காகவே பாய்கின்றது. அதன் நன்றியே அதற்கு எமனாகின்றது. பிறனுடைய நன்றியைச் செலவிட்டுத் தான் புகழ் கொள்வதை எந்த நூல் வீரமென்று கூறும்? நீதிமான் தன் மிருகத்தின் உயிரையும் பேணுவான் என்று நம் கல்லூரிச் செபமண்டபத்திற் பலகாலும் வாசிக்கப்படும் நீதிமொழிகள் ஆகமம் கூறுகின்றது. தன் நாயையே பேணாதவன் எதனைப் பேணுவான்?

இரண்டாவது, 'நம் நாட்டு நாயினங்கள் இவ்வேட்டையாலேயே நிலைத்தன' என்பது. இதில் உண்மை உண்டு. இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை முதலிய இனங்கள் வேட்டைக்கும் காவலுக்கும் ஆக வளர்க்கப்பட்டவை. இராசபாளையம் நாயின் உருவம் பொறித்த அஞ்சல் தலையை இந்திய அஞ்சல்துறை 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டுச் சிறப்பித்தது. இவ்வினங்கள் அழியலாகாது என்பதில் எமக்கும் ஆர்வமுண்டு. ஆனால், இனம் வாழ்வதற்குப் பன்றி சாகவேண்டுமென்பது எத்தகைய தருக்கம்? போர் ஒழிந்த பின்னும் குதிரை ஒழியவில்லை. இவ்வினங்களுக்கு வேட்டையிலும் சிறந்த தொழில் ஒன்று உண்டு, அது காவல். அதைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

மூன்றாவது, 'வேறு வழிகள் இதனினும் கொடியன' என்பது. இதனை யாம் மறுக்கவில்லை. தீனிக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காய் பன்றியின் வாயைச் சிதைத்துப் பல நாள் பட்டினியிற் கொல்லும். அது பன்றியை மட்டுமோ கொல்லும்? 2020-ஆம் ஆண்டு மே மாதத்திற் கேரளத்துப் பாலக்காட்டுப் பகுதியில், வெடி வைத்த தீனியைக் கடித்த சூல்கொண்ட யானையொன்று ஆற்றுநீரில் நின்றபடியே உயிர்விட்டதை உலகம் கண்டு கலங்கிற்று. வேலிக்கம்பியில் நேரே மின்சாரத்தைப் பாய்ச்சும் கொடுமையும் இத்தகையதே. 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளி அருகே அத்தகைய வேலியில் மூன்று யானைகள் ஒருங்கே மாண்டன. இவற்றினும் நாய்வேட்டை சிறிது நன்று என்பாருளர். தீமை இரண்டனுள் ஒன்று சிறிது குறைந்ததாயின், அது நன்மையாகி விடாது. மூன்றாம் வழியொன்று இல்லையெனின் மட்டுமே அவ்வாதம் செல்லும்.

நான்காவது நியாயமே வலிமையுடையது. 'எது எவ்வாறாயினும், பன்றி குறைந்தாற் பயிர் பிழைக்கும். ஏழை உழவன் பிழைப்பான்' என்பது அது. இதற்கு விடை கூறாமல் ஜீவகாருண்யம் பேசுதல், வயிறு நிறைந்தவன் பட்டினி நோன்பின் சிறப்பைப் பேசுதல் போலாம். ஆகவே இதனைச் சற்று விரித்தே ஆராய்தல் வேண்டும். நாய்வேட்டையாற் பன்றி உண்மையிற் குறைகின்றதோ?

இக்கேள்வியைத் தேர்வு செய்து பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே பன்றி இயற்கையில் இல்லை. 1539-ஆம் ஆண்டிற் புளோரிடாவில் இறங்கிய ஸ்பானியத் தலைவன் தெ சோத்தோ தன் படைக்கு உணவாகப் பன்றிகளைக் கொண்டுசென்றான். 1912-ஆம் ஆண்டில் வேட்டை விருப்பினர் வட கரோலினா மலையொன்றில் ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளை வேலிக்குள் விட்டனர். சில ஆண்டுகளில் அவை வேலி கடந்து பரவின. இன்று 60 இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் குறைந்தது 35 மாநிலங்களில் உள்ளனவென்று அந்நாட்டு வேளாண்மைத் துறை மதிப்பிட்டுள்ளது. டென்னெஸி மாநிலத்தில் இப்பன்றிகளை ஒழிக்கக் கருதி, 1999-ஆம் ஆண்டில் மாநிலமெங்கும் எத்தனை பன்றியையும் கொல்லலாமென்று வேட்டையைத் திறந்துவிட்டனர். விளைவு யாது? பன்றி குறையவில்லை, முன்னில்லாத மாவட்டங்களிலெல்லாம் தோன்றிற்று. வேட்டைச் சுவை கண்டோர் தத்தம் ஊர்ப்புறத்திலும் அவ்வின்பம் கிடைக்கவேண்டுமென்று பன்றிகளைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டமையே காரணம். 2011-ஆம் ஆண்டில் அம்மாநிலத்தார் தம் பிழையுணர்ந்து, பன்றியை வேட்டைப் பிராணி என்னும் நிலையினின்றும் நீக்கி, விளையாட்டு வேட்டையை நிறுத்தினர். கான்சாஸ் மாநிலத்தார் 2006-ஆம் ஆண்டிலேயே விளையாட்டுக்காகப் பன்றி வேட்டையாடுவதைத் தடுத்தனர்.

இதிற் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு. ஒரு பிராணி ஒழியவேண்டுமென்று விரும்புவோன் வேறு. அதை வேட்டையாட விரும்புவோன் வேறு. முன்னவனுக்குப் பன்றி பகை. பின்னவனுக்குப் பன்றி செல்வம். அடுத்த ஆண்டும் வேட்டையாட வேண்டுமாயின், அடுத்த ஆண்டும் பன்றி இருக்கவேண்டும். நோயை ஒழிக்கும் பொறுப்பை, அந்நோயாற் பிழைப்பவனிடம் ஒப்படைத்தல் அறிவுடைமை ஆகாது.

மேலும், வேட்டைக்காரர் தேடுவது எதனை? தனித்துத் திரியும் பெரிய ஆண்பன்றியை. அதன் பல்லே பெருமைக்குரியது. பயிரை மிகுதியும் அழிப்பதோ, பெண்பன்றிகளும் குட்டிகளும் சேர்ந்து வரும் கூட்டம். பெண்பன்றி ஏறக்குறைய 115 நாள் சூல்தாங்கி ஓரீற்றில் நான்கு, ஆறு, சிலகால் அதற்கு மேலும் குட்டி போடும். ஓர் ஆண்பன்றியைக் கொன்று தோளில் தூக்கிவருவதால் இக்கூட்டம் குறைவதில்லை. நாய்கள் கூட்டத்திற் பாய்ந்தாலோ அது சிதறி, ஒரு கொல்லையை விட்டுப் பல கொல்லைகளிற் புகும். இதனாலேயே மிசூரி முதலிய மாநிலத்தார், துப்பாக்கியும் நாயும் கூட்டத்தைக் கலைத்துவிடும் என்று கூறி, முழுக் கூட்டத்தையும் ஒருங்கே அடைக்கும் பெரும் பட்டிப்பொறிகளைக் கையாளுகின்றனர். மலைபடுகடாம் கூறும் பொறியின் நெறிக்கே அவர்கள் திரும்பியுள்ளனர் என்றால் மிகையாகாது.

நோய்த் துன்பமும் இங்கு மறக்கத்தக்கதன்று. ஆஜெஸ்கி நோய் என்பதொன்று பன்றியினிடத்து அடங்கிக் கிடக்கும். நாயைப் பற்றினால் ஓரிரு நாளிற் கொல்லும். அமெரிக்காவிற் பன்றி வேட்டை நாய்கள் இதனால் இறந்துள்ளன. புரூசெல்லா என்னும் கிருமி ஆஸ்திரேலியாவிற் பன்றி வேட்டைக்காரரையும் அவர்தம் நாய்களையும் பற்றியுள்ளது. நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டில் முதன்முதலாக நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல், 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளையும் மாய்த்தது. இந்நோய் மனிதரைப் பற்றாது. ஆயினும் இறைச்சியின் வழியாகவும், குருதி தோய்ந்த கருவி, ஆடை இவற்றின் வழியாகவும் வீட்டுப் பன்றிப் பட்டிகளுக்குப் பரவும். பன்றி வளர்த்துப் பிழைக்கும் ஏழையர் ஒரு வேட்டையாற் குடிமுழுகிப் போதலும் கூடும். இனி, தடுப்பூசி போடாத ஊர்நாய்கள் காட்டுட் புகுவதனாற் செந்நாய் முதலிய காட்டுப் பிராணிகளுக்கும் தீங்குண்டாம்.

சட்டத்தின் நிலை யாதெனின், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற் காட்டுப்பன்றியும் காக்கப்படும் பிராணிகளுள் ஒன்று. அச்சட்டத்தின்படி கொல்லுதல் மட்டுமன்று, துரத்துதலும் மடக்குதலும் கண்ணி வைத்தலும் வேட்டையே. பொழுதுபோக்குக்காக ஒரு பிராணியை மற்றொன்றின்மேல் ஏவுதல் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம். ஆகவே நம் மாணவ நண்பர் பெருமையாகக் கூறிய கதை, நீதிமன்றத்திற் கூறப்படின் ஒப்புதல் வாக்குமூலமாகும்.

ஆயினும் சட்டத்தைக் காட்டி உழவனை வாயடைக்க யாம் ஒருப்படோம். பயிரழிவின் மிகுதியைக் கண்டு நடுவண் அரசு 2015, 2016-ஆம் ஆண்டுகளிற் பீகாரிலும் உத்தராகண்டிலும் குறித்த பகுதிகளிற் காட்டுப்பன்றியைத் தீங்குசெய் பிராணியாகச் சில காலம் அறிவித்தது. நம் மாநிலத்தில் 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் அரசினர் ஒரு முறையை வெளியிட்டனர். காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைத் தொடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வருவதைப் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து அழிவு செய்வதை வனத்துறையினரே சுடலாம் என்பது அதன் சாரம். கொல்லும் அதிகாரம் பயிற்சியுடைய அரசு ஊழியரிடமே இருத்தல் வேண்டும் என்னும் கொள்கையை யாம் முழுதும் ஏற்கின்றோம். துப்பாக்கியின் ஒரு குண்டு, அரை மணிநேரம் நாய் குதறுவதினும் இரக்கமுடையது. அதனால் நாயும் சாவதில்லை.

இங்கே உழவன் எழுந்து ஒரு கேள்வி கேட்பான்: "ஐயா, ஊழியர் வருமளவும் என் கடலை காத்திருக்குமோ?" இக்கேள்விக்கு முன் யாம் தலைகுனிகின்றோம். மனு எழுதி, கிராம நிர்வாக அலுவலர் பார்த்து, வனத்துறையினர் பார்த்து, நட்டஈடு வருவதற்குள் மறுவிளைச்சலும் அழிந்துபோதல் உண்டு. காட்டைக் காப்பதனால் வரும் நன்மை நாடு முழுவதற்கும். அதனால் வரும் இழப்பு மட்டும் அடிவாரத்து ஏழைக்கோ? இஃது அநீதி. வனவிலங்கின்மேல் அன்புடைய நகரத்தார், அவ்வன்பின் விலையை உழவன் ஒருவனே செலுத்தவேண்டுமென்று எண்ணுவராயின், அவர் அன்பு அன்பன்று. ஆகவே நாய்வேட்டை கூடாது என்போர், அதே மூச்சில் நட்டஈடு தாழாது வழங்கப்பட வேண்டுமென்றும், குறித்த நாளுக்குள் ஊழியர் வரவேண்டுமென்றும் வற்புறுத்தக் கடமைப்பட்டவர்.

இனி, மூன்றாம் வழி யாது? அது புதிதன்று, காவலே. ஒவ்வோர் உழவனும் தனித்துத் தன் கொல்லைக்கு வேலியிடின் பன்றி அடுத்த கொல்லைக்குப் போகும். ஊர் கூடிப் பொதுவேலி இட்டால் அது காட்டுக்குத் திரும்பும். உயிரைக் கொல்லாது அதிர்ச்சி மட்டும் தரும் சூரியசக்தி வேலிகள் இன்று கிடைக்கின்றன. அவற்றுக்கு அரசின் உதவியும் வேண்டும். பரண்மேல் முறைவைத்து இரவுகாக்கும் வழக்கத்தை இளைஞர் புதுப்பிக்கலாம். வேட்டைக்கு ஆறு இரவு விழித்திருக்க வல்ல கால்களும் கண்களும் காவலுக்கு விழித்திருக்க மாட்டாவோ?

அக்காவலிலே நாய்க்கு உரிய இடம் உண்டு. வேலிக்கு உட்புறத்தே நின்று குரைக்கும் நாய், நாற்பது தகரத்துக்கு ஒப்பாகும். கூர்மூக்குப் பன்றி நாயின் வாடையை முன்னரே அறியும். குரல் கேட்டால் தயங்கும். ஆள் வரும் அரவம் சேர்ந்தால் விலகும். நாயின் மூக்கும் செவியும் குரலும் உழவனுக்கு வேண்டும். அதன் பல் வேண்டுவதில்லை. கோம்பையும் இராசபாளையமும் இத்தொழிலுக்கு இயல்பிலேயே தக்கவை. அவற்றைத் தடுப்பூசியிட்டு, பயிற்றி, எல்லை கடவாமற் காக்க வைத்தால், இனமும் வாழும், பயிரும் வாழும், பன்றியும் தன் காட்டிற் போய் வாழும்.

நம் கல்லூரியில் விலங்கியல் பயில்வோர் உளர். பொருளியல் பயில்வோர் உளர். நாளை சட்டமும் வேளாண்மையும் கற்கப் புகுவோர் உளர். அவருட் பலர் மலையடி ஊர்களிலிருந்து வந்தவர். விடுமுறையில் ஊர் செல்லும்போது நாய்க்கூட்டத்தோடு காடேறுவதினும், தம் ஊர்க் கொல்லைகளில் எந்தத் திங்களில், எந்தப் பயிருக்கு, எவ்வளவு அழிவு என்று கணக்கெடுத்து, நட்டஈட்டு மனுவை உழவனுக்கு எழுதிக்கொடுத்து, அலுவலகப் படியேறி வருவராயின் அதுவே படிப்பின் பயன். அதில் இரத்தம் இல்லை. கதையாகச் சொல்லும் சுவையும் இல்லை. ஆனால் உழவனுக்கு ஒரு மூட்டைக் கடலையேனும் மிஞ்சும்.

மரபியலில் மற்றொரு செய்தியும் உண்டு. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கன் இளமைக்கும் குருளை என்னும் ஒரே பெயரைத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். துரத்துவதற்கும் துரத்தப்படுவதற்கும் இளமையில் ஒரே பெயர். அவ்விரண்டையும் ஒன்றன்மேலொன்று ஏவி, இரண்டும் குருதி சொரியக் கண்டு களித்தல் மனிதனுக்கு அழகன்று. விலாவில் தழும்போடு நின்ற அச்செந்நிற நாய், யாம் விடைபெற்ற போது கடலைக் கொல்லையின் வரப்பிற் படுத்து, காட்டை நோக்கிச் செவி நிமிர்த்தியிருந்தது. அன்றிரவு அக்கொல்லையைக் காக்க அதன் செவியே போதுமானதாயிருந்தது. அதனை அவ்வரப்பிலேயே இருக்க விடுமாறு நண்பர்களை வேண்டுகின்றோம்.